இரண்டாம் எழுச்சி

எங்கள் எரிபொருள் துறைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், படிக்கட்டு முடியும் இடத்தில், சுவர் நீளத்துக்கு ஒரு வரைபடம் தொங்குகிறது. ஐம்பது ஆண்டுகளில் இந்த நாடு பூமியைத் தோண்டியும் உறிஞ்சியும் எடுத்ததெல்லாம் அதில் இருக்கிறது. நிலக்கரிக்குக் கறுப்பு, எண்ணெய்க்குப் பழுப்பு, எரிவாயுவுக்கு நீலம். வரைந்தது நான். மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறி வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று இளைப்பாறுவார்கள். பார்ப்பதாக நினைத்து நானும் பல வருடம் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பழுப்புக் கோட்டில் ஒரு சின்ன மேடு உண்டு. ஏறி, உச்சிக்கு வந்து, கொஞ்ச காலம் சமதரையாக ஓடி, இறங்கப்போகிற நேரத்தில் திடீரென்று ஒரு துள்ளு துள்ளும். இரண்டே வருடம். பிறகு பொத்தென்று விழுந்து, அதன்பின் இன்றுவரை சரிவுதான். அந்த மேட்டுக்கு 'இரண்டாம் எழுச்சி' என்று பெயர் வைத்தவன் அடியேன். பன்னிரண்டு பக்கத்தில் கட்டுரை எழுதினேன். கிணறுகளின் அழுத்தம் மீண்டது, பணியாளர்களின் ஊக்கம் கூடியது, நிர்வாகம் சீரானது என்று ஏழு காரணம் சொன்னேன். இறங்கியபோது கிணற்றில் நீர் புகுந்தது என்று இன்னொரு கட்டுரை. உயர்ந்ததற்கும் கைத்தட்டல், இறங்கியதற்கும் கைத்தட்டல். பதவி உயர்வும் ஜன்னலோர மேசையும் அப்படித்தான் கிடைத்தன.

எங்கள் கட்டடத்தில் ஒரு விசேஷம். உற்பத்தி குறைந்து பத்து வருடம் கழித்துத்தான் நாற்காலி குறையும். நான் சேர்ந்த காலத்தில் நிலக்கரிப் பிரிவுக்கு ஒரு தளம் முழுவதும் இருந்தது. சுரங்கங்களில் பாதி அப்போதே மூடியாகிவிட்டது. எண்ணெய்ப் பிரிவு கூடத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. எரிவாயு என்பது எண்ணெயோடு வந்து தொலைக்கிற தொல்லை; அதைக் கிணற்றடியிலேயே கொளுத்திவிடுவார்கள்; அதற்கு ஒரே ஒரு எழுத்தர், அவருக்கும் உட்கார இடம் கழிப்பறைக்கு எதிரே. இன்று எரிவாயுப் பிரிவுக்குக் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வந்துவிட்டன. நிலக்கரிப் பிரிவில் ஒரு பெண்மணியும் ஒரு மீன்தொட்டியும் மட்டும் மிச்சம். "சார், மீனுக்கு மட்டும்தான் இங்க வேலை இருக்கு. போயிட்டுப் போயிட்டு வருது" என்பார் அவர்.

எனக்கென்று ஒரு பழக்கம் உண்டு. எங்கள் பட்டியல்களில் தசமப் புள்ளி கிடையாது. எதுவானாலும் முழு எண். அது கையிலிருந்து மண்டைக்கு ஏறிவிட்டது. வயதைக் கேட்டால் ஐம்பது என்பேன். இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. எடையைக் கேட்டால் எழுபது. அது எந்தப் பக்கமிருந்து எழுபது என்று சொல்லமாட்டேன். கடைக்காரர் முக்கால் கிலோ போதுமா என்றால் ஒன்றாகவே கட்டிவிடச் சொல்வேன். "உங்ககிட்ட வீட்டு அட்ரஸைக் கேட்டா பக்கத்து தெருவைச் சொல்லுவீங்க" என்பாள் மனைவி. அவள் நர்ஸ். வலிக்காது என்று சொல்லிக்கொண்டே குத்துவதில் அனுபவம் உள்ளவள்.

இந்த வருடம் அந்தப் பெரிய எண்ணெய் வயலை மூடுகிறார்கள். ஒரு காலத்தில் நாட்டின் எண்ணெயில் பாதிக்கு மேல் கொடுத்த வயல். இப்போது கிணற்றில் பத்து வாளி வந்தால் ஒன்பது உப்புத்தண்ணீர். மூடும் கையோடு பொன்விழா மலர் ஒன்று போடச் சொல்லி மேலிடம் உத்தரவிட்டது. செத்த பிறகு பிறந்தநாள் கொண்டாடுகிற மாதிரிதான். பொறுப்பு என் தலையில். வரைபடம் நடுப்பக்கத்தில், கடைசி நாற்பது பக்கத்தில் வயலில் வேலை பார்த்த அத்தனை பேரின் பெயரும்.

அச்சுக்குப் போகும் முன் பார்வைக்கு வந்த காகிதக் கட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். மனைவி சாப்பாட்டு மேசையில் அதைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினாள். இரண்டு முறை புரட்டினாள்.

"கான்டீன்ல டீ ஆத்தினவர் பேரு இருக்கு."

"ம்."

"தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தினவர் பேரு இருக்கு. அந்த வயல்ல தோட்டமே கிடையாது."

"பதிவேட்டுல இருக்கு, போட்டிருக்கோம்."

"இருபத்தேழு வருஷம் தொட்டி மேல ஏறி இறங்கின எங்கப்பா பேரு எங்கங்க?"

நான் குழம்பில் எதையோ தேடினேன்.

"ஏங்க, உங்களத்தான். அவருக்கு எண்பத்தொண்ணு ஆகுது. அடுத்த பொன்விழாவுக்குப் போட்டுக்கலாம்னு இருக்கீங்களா?"

பின்னறையில் ரேடியோ மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. மாமா கேட்டிருப்பார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். எனக்கு அதுதான் கஷ்டம்.

மாமா அந்த வயலில் அளவுக்காரர். வேலை என்னவென்றால், எண்ணெய் நிரம்பிய தொட்டியின் மேல் ஏறி, மூடியைத் திறந்து, முனையில் பித்தளைக் குண்டு கட்டிய எஃகு டேப்பை உள்ளே இறக்குவது. குண்டு அடியைத் தொட்டதும் சுருட்டி எடுத்து, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பது. அதுதான் எண்ணெயின் ஆழம். அதைச் சீட்டில் எழுதினால் அது எங்கள் அலுவலகத்துக்கு வந்து, கூட்டிப் பெருக்கி, நாட்டின் உற்பத்தி ஆகும். நிரம்பியபோது ஒருமுறைதான் அளப்பார்கள். பம்ப் போட்டுக் காலி செய்த பிறகு அளப்பதில்லை; வெளிக்குழாய்க்குக் கீழே தங்குவது எப்போதும் ஒரே அளவு என்று தொட்டிச் சுவரிலேயே பெயிண்டில் எழுதியிருக்கும். அந்த வயலின் வழக்கம் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது. நான் இருபது வருடம் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

மாமா ஓய்வு பெற்ற மறுநாளே உற்பத்தி கூடியது. ஒவ்வொரு தொட்டியிலும் கிட்டத்தட்ட ஒரு சாண் எண்ணெய் அதிகம். புதிதாக வந்த அளவுக்காரர் நல்ல பிள்ளை, பயந்த பிள்ளை. அவர் ஒரு கடிதம் எழுதினார். 'பழைய அளவுக்காரர் விடைபெறும்போது டேப்பைக் கையில் கொடுத்து, வருகிற ஒவ்வொரு அளவிலும் இத்தனை சென்டிமீட்டர் கழித்து எழுதச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. உள்ளபடியே எழுதுகிறேன்' என்று. மேலிடத்துக்கு வேறென்ன வேண்டும்? இருபத்தேழு வருடமாக ஒருவர் தொட்டிக்கு ஒரு சாண் ஒளித்திருக்கிறார் என்று விசாரணை வைத்தார்கள். ஒளித்ததை எங்கே கொண்டுபோனார் என்பதுதான் யாருக்கும் புரியவில்லை. ஒரு சாண் எண்ணெய் என்றால் பல லாரி. சைக்கிளில் வந்து போன மனிதர்.

அந்த விசாரணைக்குத் தட்டச்சு செய்யப் போனவன் நான்; குழுவுக்காக அந்தக் கடிதத்தைத் தட்டச்சில் பிரதி எடுத்ததும் நான்தான். மூன்று பேர் குழு. தலைவர் கேட்டார், நான் தட்டினேன்.

"அளவுல கழிச்சு எழுதச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நீங்களும் கழிச்சுத்தான் எழுதுனீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

"கழிக்கணும். அதான்."

"ஏன் கழிக்கணும்?"

"டேப்பைப் பாருங்க."

டேப்பைப் பார்த்தார்கள். அதாவது டேப்பின் கோப்பை வரவழைத்தார்கள். அளவு சரியானது என்று முத்திரையிட்ட சான்றிதழ் அதில் இருந்தது. செல்லுபடியாக இன்னும் இரண்டு வருடம் பாக்கி. 'பொருத்தமான பதில் தரப்படவில்லை' என்று தட்டச் சொன்னார் தலைவர். கடைசியில் முழுவதையும் படித்துக் காட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். மாமா பேனாவை வாங்கினார், பார்த்தார், மூடி வைத்தார்.

"இதுல தப்பு இருக்கு. போட மாட்டேன்."

கையெழுத்திட மறுத்ததையும் தட்டினேன். மடியில் கனம் இருக்கிறது என்று தலைவர் சிரித்தார். தீர்ப்பு: நிரூபிக்கப்படவில்லை. நிரூபித்திருந்தால்கூடத் தேவலை, ஒரு முடிவாவது வந்திருக்கும். பிரிவுபசாரம் நடக்கவில்லை, சான்றிதழ் வரவில்லை. அந்தக் குடியிருப்பில் அவருக்கு 'சாண்' என்று பெயர் வைத்தார்கள். தெருவில் போனால் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டுவார்களாம்.

விசாரணை நாளன்று அவருடைய பெண் வாசல் பெஞ்சில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாம் முறையும் கொடுத்தேன். ஒன்றரை வருடம் கழித்து அவர் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போய் உட்கார்ந்தேன்.

"எங்க வேலை?" என்றார்.

"புள்ளிவிவரப் பிரிவுலங்க."

"தெரியும்" என்றார்.

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. கல்யாணம் நடந்தது. அத்தை தவறிய பிறகு அவர் எங்களோடு வந்துவிட்டார். எட்டு வருடமாக ஒரே வீடு. "மாமா, சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "மாமா, மழை வருது." "ஆமா." இப்படியே போனதில் ஒரு சின்ன அகராதிக்குக்கூடக் காணாது. நான் கூடத்தில் இருந்தால் அவர் பின்னறையில் இருப்பார். கோபம் என்று சொல்லமுடியாது. தொட்டி அளக்கிறவர் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை மட்டும் உண்டு. எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பது போல.

மறுநாள் இயக்குநரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், கண்டிப்பானவர்.

"பேர் சேர்க்கலாமே. யாரு?" என்றார்.

சொன்னேன். கோப்பைத் திறந்து பார்த்தார்.

"இவரா? 'நிரூபிக்கப்படவில்லை'ன்னு முடிச்சிருக்காங்களே. அப்படி இருந்தா கௌரவப் பட்டியல்ல போடக்கூடாதுன்னு விதி. உங்களுக்கு உறவா?"

"மாமனார் மேடம்."

"அப்ப சுத்தமா முடியாது."

மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவப் போனாள். மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் பேசாதவர்களின் எண்ணிக்கை இரண்டானது.

நாலாவது நாள் வயலிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்து சேர்ந்தது. மூடும் வயலின் பழைய சாமான்களை மலரில் படம் போடவும், வரவேற்புக் கூடத்தில் வைக்கவும் அனுப்பியிருந்தார்கள். ஒரு ஓட்டை ஹெல்மெட், ஒரு மணி, மண்ணெண்ணெய் விளக்கு, அப்புறம் பித்தளைச் சக்கரத்தில் சுற்றிய ஒரு டேப். கழுத்தில் அட்டை கட்டியிருந்தது: 'சான்றிதழ்க் காலம் முடிந்து ஒதுக்கப்பட்டது'. தேதியும் இருந்தது.

தேதியைப் பார்த்ததும் எனக்கு எங்கோ இடித்தது. தேதிகள் எனக்கு மறக்காது, ஆட்கள்தான் மறப்பார்கள். எழுந்து போய்ச் சுவர் வரைபடத்தின் முன் நின்றேன். மேடு தொடங்கும் மாதம், மாமா ஓய்வு பெற்ற மாதம். சரி, அது எல்லோருக்கும் தெரிந்தது. மேடு முடிந்து பொத்தென்று விழுகிற மாதம், இந்த அட்டையில் இருக்கும் மாதம்.

படிக்கட்டு ஏறி வந்த ஒருவர், "என்ன சார், நீங்களே பாக்கறீங்க?" என்றார்.

திரும்பி வந்து டேப்பைப் பிரித்தேன். குண்டும் முதல் ஒரு முழ நீளமும் எண்ணெய் பிடித்துத் தார் போலக் கறுத்திருந்தன. அந்த முனையை யாரும் படித்திருக்க மாட்டார்கள். எண்ணெய் மட்டம் எப்போதும் நாலைந்து மீட்டருக்கு மேலேதானே நிற்கும், அங்கேதான் கண் போகும். அந்த மண்ணெண்ணெய் விளக்கின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். குண்டுக்கு மேலே டேப் ஒடிந்து, கம்பி வளையம் போட்டு மறுபடி குண்டோடு இணைத்திருந்தது. நேர்த்தியான வேலை. மேசையில் நீட்டி, மர அளவுகோலைப் பக்கத்தில் வைத்தேன். குண்டின் அடியிலிருந்து அளவுகோல் இருபது என்று சொன்ன இடத்தில், டேப் முப்பத்தைந்து என்றது.

பதினைந்து சென்டிமீட்டர் டேப் எந்தக் காலத்திலோ ஒடிந்து போயிருக்கிறது. அதன்பின் அந்த டேப் எதை அளந்தாலும் பதினைந்து கூடத்தான் சொல்லும். காலி செய்த பிறகும் அளந்திருந்தால் அங்கேயும் பதினைந்து கூடி, ஒன்றுக்கொன்று கழிபட்டுப் போயிருக்கும்; அந்த வயலில்தான் அது வழக்கமில்லையே. மாமா அதைக் கழித்து உண்மையை எழுதினார். புதியவர் கழிக்காமல் பொய்யை எழுதினார், நேர்மையாக. சான்றிதழ் முடிந்து புது டேப் வந்ததும் பொய் நின்றது. இரண்டுக்கும் நடுவில், நாட்டின் எண்ணெய் வளம் குறித்து நான் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். ஏழு காரணம்! எட்டாவதாக டேப்பைப் போடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு தேநீர் குடித்தேன். இன்னொன்று குடித்தேன். பெட்டியை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணமும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இந்த உலகத்தில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது அந்த ஒரு மேடு. வேறு எதற்கும் நான் பெயர் வைத்ததில்லை. பிள்ளைக்குக்கூட மனைவிதான் வைத்தாள்.

பிறகு சுத்திகரிப்பு ஆலைக்குப் போன் போட்டேன். அந்தக் காலத்தில் ஆலை வேறு துறையின் கீழ் இருந்ததால் யாரும் கேட்டதில்லை. குழாய்வழி வந்து சேர்ந்த எண்ணெயை அவர்கள் தனியாக அளப்பார்கள். அந்த இரண்டு வருடப் பதிவேடு வேண்டும் என்றேன்.

"அந்த ரெண்டு வருஷமா?" என்றார் அங்கிருந்த பெரியவர். "அத ஏன் சார் கேக்கறீங்க. நீங்க அனுப்பினதா எழுதறதுக்கும் எங்களுக்கு வந்து சேர்றதுக்கும் நூத்துக்கு மூணு குறையும். குழாய்ல ஓட்டைன்னு சொல்லி எங்களத் தேட விட்டாங்க. தொண்ணூறு கிலோமீட்டர் சார்! குழாய் ஓரமாவே நடந்தோம். என் கால் முட்டி அதுல போனதுதான்."

"ஓட்டை கிடைச்சுதா?"

"எங்க கிடைச்சுது. திடீர்னு ஒருநாள் தானா அடைஞ்சு போச்சு."

"அதுக்கு முன்னாடி, பழைய அளவுக்காரர் காலத்துல?"

"அவர் சீட்டா? அவர் சீட்டு வந்தா நாங்க அளக்கவே தேவையில்ல சார். கண்ண மூடிட்டு எழுதலாம்."

இரண்டு பட்டியலையும் பக்கம் பக்கமாக ஒட்டி, டேப்பையும் தூக்கிக்கொண்டு இயக்குநரிடம் போனேன். அவர் டேப்பைப் பார்த்தார், அளவுகோலைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். மறுபடி டேப்பைப் பார்த்தார்.

"இரண்டாம் எழுச்சி, காரணங்கள் ஏழு" என்றார் கடைசியில்.

"ஆமா மேடம்."

"வேலைக்கு வர்றதுக்கு நான் எழுதின பரீட்சைல அது பத்து மார்க் கேள்வி. ஏழையும் மனப்பாடம் பண்ணி எழுதினேன்."

"மன்னிச்சிருங்க மேடம்."

"பத்துக்கு ஒன்பது போட்டாங்க." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத மாத்தினா நாட்டோட உச்ச வருஷமே ஆறு வருஷம் முன்னாடி போயிடும். உங்க பேரு கெடும், தெரியுமா? மலர்ல முதல் கட்டுரை உங்களுது."

"அதை எடுத்துடலாம் மேடம்."

"எடுத்துட்டு?"

"அந்தப் பக்கத்தப் பேர்ப் பட்டியல் கடைசில சேத்துக்கலாம். ஒரு பேருக்கு இடம் வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். மாமனாரா என்று மறுபடி கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. கோப்பின் ஓரத்தில் ஏதோ எழுதினார். 'குற்றச்சாட்டு அடிப்படையற்றது, அளவு சரியே' என்று இருந்தது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் வரைபடத்தைத் திருத்திவிடச் சொன்னார்.

திருத்தினேன். மேட்டை அழிப்பதற்கு நாலு நிமிடம் ஆனது. பழுப்புக் கோடு இப்போது உச்சிக்கு ஏறி, கொஞ்சம் நின்று, அலட்டிக்கொள்ளாமல் இறங்கியது. உண்மையில் அழகாகவே இருந்தது. கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: 'இவ்விரு ஆண்டுகளின் அளவில், அளவுக்காரர் அறிவுறுத்தியபடி தொட்டிக்கு 15 சென்டிமீட்டர் கழிக்கப்பட்டுள்ளது.' கடைசிப் பக்கத்தில் அவர் பெயர், இருபத்தேழு ஆண்டுகள், தலைமை அளவுக்காரர்.

திருத்திய பக்கங்களோடு டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு வியாழன் மாலை வீட்டுக்குக் கிளம்பினேன். வாசல் காவலர் என்ன இது என்றார். மாமனாருக்கு என்றேன். வெளியே கொண்டுபோகும் சீட்டில் 'கறுப்பு நாடா ஒன்று' என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்.

மனைவியிடம் முதலில் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். படித்தாள். படித்துவிட்டு, என் சட்டைக் கையில் இருந்த மண்ணெண்ணெய்க் கறையைப் பிடித்துக்கொண்டு, "இது போகாது" என்றாள். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க கொஞ்சம் வாங்க. இவரு உங்ககிட்ட பேசணுமாம்."

எனக்கு அப்படி எந்த உத்தேசமும் இல்லை. ஆனால் ரேடியோ நின்றது. மாமா கூடத்துக்கு வந்தார், நான் இருக்கும்போதே. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டேப்பை மேசைமேல் வைத்தேன். அவர் கை அதன்மேல் போய் உட்கார்ந்தது. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, சத்தத்தைக் கேட்டார்.

"எண்ணெய் போடாம விட்டுட்டாங்க" என்றார்.

"மாமா, டேப்பைப் பாத்தோம்" என்றேன். இருபது வருடம் தாமதமாக வந்த வாக்கியத்தை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "ஒடிஞ்சிருக்கு. இப்பத்தான் தெரிஞ்சுது. புது டேப் கேட்டு நீங்க எழுதலையா?"

"நாலு தடவை கேட்டேன். சர்டிபிகேட் இருக்குல்லன்னாங்க. சரி, கழிச்சுக்கிட்டேன்."

"அன்னிக்கு விசாரணைல இத சொல்லியிருக்கலாமே மாமா."

"டேப்பைப் பாருங்கன்னு சொன்னேனே."

"ஒரு தடவைதானே சொன்னீங்க!" என்றாள் மனைவி.

"எத்தன தடவை சொல்லணும்?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

பெயர் இருக்கும் பக்கத்தை நீட்டினேன். பார்த்தார், தலையசைத்தார், வைத்தார். பிறகு வரைபடத்தை எடுத்தார். பழுப்புக் கோட்டின் மேல் விரல் போனது. மேடு இருந்த இடத்தில் நின்றது. பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடிக்குறிப்பைப் படித்தார். மெதுவாகப் படித்தார். பேனா கேட்பார் போலிருந்தது. கேட்கவில்லை. காகிதத்தை மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"இதுல தப்பு இருக்கு."

அதே குரல், அதே நாலு சொல்லுக்குள் முடிகிற வாக்கியம். என் கை தானாக, அங்கே இல்லாத தட்டச்சுப்பொறியைத் தேடிப் போனது. ஆனால் இந்த முறை, எப்படியோ, வாய் முந்திக்கொண்டது.

"எது மாமா தப்பு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எட்டு வருடத்தில், இருபது வருடத்தில், யாரோ அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள் என்பது போல.

"பதினஞ்சு இல்ல. பதினஞ்சரை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மனைவி உள்ளே போய்ப் பிள்ளையின் அளவுகோலைக் கொண்டுவந்தாள். டேப்பை நீட்டினோம். இருபதுக்கு நேரே முப்பத்தைந்தைத் தாண்டி, முப்பத்தாறுக்கு முன்னால், சரியாக நடுவில். அது அலுவலகத்திலும் அங்கேதான் இருந்திருக்கும். நான்தான் முப்பத்தைந்து என்று எடுத்துக்கொண்டேன்.

"நான் அவன்கிட்ட பதினஞ்சரைன்னுதான் சொன்னேன்" என்றார் மாமா. "அவன் லெட்டர்லயும் அப்படித்தான் எழுதினான். படிச்சுப் பாத்தேன், நல்ல பையன். அந்த டைப் அடிச்ச பேப்பர்லதான் பதினஞ்சுன்னு இருந்துச்சு. தப்பான அளவுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

எங்கள் பட்டியல்களில் தசமப் புள்ளி கிடையாது. இருபத்தொன்பது வயதில், புதிய வேலையில், சுறுசுறுப்பாக, அந்த அரையை நான்தான் எடுத்து வீசியிருக்கிறேன். குழு பார்த்த என் பிரதியில் அந்த அரை இருந்திருந்தால் ஒருவராவது நின்று யோசித்திருப்பார். எண்ணெய் திருடுகிறவன் அரை சென்டிமீட்டர் கணக்குச் சொல்வானா? முழுதாகப் பதினைந்து என்றதும்தான் அது திருட்டுப் போலத் தெரிந்தது.

"மாமா, அதை அடிச்சது..."

"தெரியும்" என்றார்.

பெண் கேட்டுப் போன அன்று சொன்ன அதே சொல். அன்றைக்கே தெரிந்து, தெரிந்தே பெண்ணைக் கொடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். இந்த ஒரு விஷயத்தில் இன்னும் கேள்வி கேட்காமலே இருக்கிறேன்.

எழுந்து அச்சகத்துக்குப் போன் செய்தேன். அச்சகக்காரர் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"சார், காலைல மிஷின்ல ஏத்தணும். இன்னும் என்ன திருத்தம்?"

"அடிக்குறிப்புல பதினைந்துன்னு இருக்குல்ல. பதினைந்தரைன்னு போடணும்."

"அரையா? வரைபடத்துல கோட்டையும் நகத்தணுமா?"

"நகராது. அந்த அளவுல கண்ணுக்கே தெரியாது."

"அப்புறம் எதுக்கு சார், விட்டுடலாமே."

கூடத்தில் மாமா டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயும் துணியும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முழமாகத் துடைத்துத் துடைத்துச் சுருட்டினார். பின்னறைக்குத் திரும்பிப் போகவில்லை.

"ஒரு அரைதானே சார்" என்றார் அச்சகக்காரர்.

"எழுத்துல போடுங்க" என்றேன். "எண்ணுல போட்டா யாராவது ரவுண்டு பண்ணிடுவாங்க."